ஆளுக்கொரு பழம்

எங்கள் மில்லில் சாயந்திரம் மணி அடித்ததும் யாரும் நேரே வீட்டுக்குப் போய்விட முடியாது. கேட்டை மறித்துக்கொண்டு அக்கா நிற்பாள். கேட்டுக் கம்பியில் வாழைத்தார் ஒன்று தொங்கும். இடுப்பில் கருப்பட்டித் துண்டுகள் போட்ட தூக்குச்சட்டி. ஆளுக்கொரு நாட்டுப்பழம், ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி. வாங்கி மடியில் முடிந்துகொண்டு போய் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று யாராவது நினைத்தால் அது நடக்காது. அவள் கண் முன்னால் உரித்து, அவள் கண் முன்னால் முழுங்க வேண்டும். தோலைக் கொண்டுவந்து கூடையில் போட்ட பிறகுதான் வழி விடுவாள்.

“தின்னுட்டுப் போ புள்ள. நெஞ்சுல கெடக்கற தூசியெல்லாம் வழுக்கிக்கிட்டு வயித்துக்குப் போயிரும். காலையில வெளிக்குப் போனா அம்புட்டும் வெளிய வந்துரும். பெறகு என்ன நோக்காடு வரப்போவுது?”

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லிப் பார்த்தேன். “பழம் விரதத்துக்குச் சேரும், தின்னு” என்றாள். சளி பிடித்திருக்கிறது, பழம் தின்றால் கட்டிக்கொள்ளும் என்றேன். “சளின்னா மொளகு ரசம் வச்சுக் குடிச்சாப் போச்சு. தூசிக்கு எங்கன போய் ரசம் வைப்பே?” என்று பழத்தை உரித்து வாயிலேயே திணித்துவிட்டாள். அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு அது யார் என்று தெரியாது. எல்லோருக்கும் அவள் பழத்தக்கா.

சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் நடுவில், மெயின் ரோட்டில் இருந்து விலகி, கருவேலங்காட்டுக்குள் இருந்தது அந்த மில். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. லாரி லாரியாக வெள்ளைக்கல் வரும். அதை மாவாக அரைத்து, சலித்து, மூட்டை கட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அனுப்புவோம். எங்கள் பக்கத்தில் ஆலையைத்தான் ஆபீஸ் என்போம். தீக்குச்சி மருந்தில் அந்த மாவைக் கலந்தால்தான் உரசும்போது பற்றும். ஆண்கள் அரவைக்கூடத்தில் மிஷின் வாய்க்குள் கல்லைத் தள்ளுவார்கள். பெண்கள் சலிப்பார்கள். நான் கோணி ஊசியை வைத்து மூட்டை வாயைத் தைப்பேன். மிஷின் ஓடும்போது எழும்புகிற தூசியில் எதிரே நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதியம் சோற்றுச்சட்டியைத் திறப்பதற்குள் சோற்றின் மேல் ஒரு படலம் விழுந்திருக்கும்.

இத்தனையும் இருந்தும் அந்த மில்லில் வேலை கிடைப்பது கஷ்டம். ஏன் தெரியுமா? அங்கே எதுவும் வெடிக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு வேலை நல்ல வேலையா என்று பார்க்க எங்களுக்கு இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். பட்டாசு ஆபீஸுக்குப் போன ஆள் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்குகிற வரை வீட்டில் இருப்பவர்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கல் மில்லுக்குப் போனவனைப் பற்றி யாரும் அப்படிக் கவலைப்பட மாட்டார்கள். வெள்ளையாகப் போர்த்துக்கொண்டு வந்தாலும் கை காலோடு வந்துவிடுவான்.

அக்காவும் அப்படி வந்தவள்தான். கல்யாணமான புதிதில் அவளும் அவள் வீட்டுக்காரரும் பட்டாசு ஆபீஸில்தான் இருந்தார்கள். ஒருநாள் பக்கத்து ஷெட் வெடித்துப் போய்விட்டது. அவள் வெளியே ஓடிவந்து பார்த்தவற்றை எங்களிடம் சொன்னதே இல்லை. நாங்கள் கேட்டால், “வந்த பெறகு அழுறதைவிட வர்றதுக்கு முந்தி கத்துறது நல்லதுடி” என்று மட்டும் சொல்வாள். மறுநாளே புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். யார் யார் காலையோ பிடித்து இந்த மில்லில் அவரைச் சேர்த்து, தானும் சேர்ந்தாள். சிவகாசிக்காரியாக இருந்துகொண்டு தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புக்கூடக் கொளுத்தாத வீடு அவளுடையது. அடுப்படியில் தீப்பெட்டி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக்கூட அவள் வீட்டில் சட்டம் உண்டு.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமாகி வந்தபோது டவுசர் போட்டுக்கொண்டிருந்த கொழுந்தனைத்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவனுக்கும் பட்டாசு வேலை கூடவே கூடாது என்று திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் அடுக்கப் போட்டுவிட்டிருந்தாள். ஆக, தன் வீட்டைச் சுற்றி அவள் வேலி போட்டுவிட்டாள். தூசி ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் பழம்.

பழம் அவளாகக் கண்டுபிடித்தது அல்ல. எங்கள் பக்கத்தில் தூசி வேலை பார்க்கிற எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். கம்பெனிதான் விருதுநகர் மார்க்கெட்டில் இருந்து தார் வாங்கி அனுப்பும். மற்ற மில்களில் தாரைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், எடுத்தவன் எடுப்பான். எங்கள் மில்லில்தான் அதற்கு ஒரு அக்கா இருந்தாள். வயிற்றுவலி என்று லீவு போட்டவளின் பழத்தை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். அரவைக்கூடத்தில் நிற்கிற புருஷனுக்கு இரண்டு பழம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. அங்கேதானே தூசி அதிகம்.

அவர் நல்ல உயரம். நன்றாகச் சீட்டி அடிப்பார். மதியம் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தியதும் அரவைக்கூடத்து வாசலில் நின்று ஒரு சீட்டி. சலிப்பறையில் இருந்து அக்கா எழுந்துவிடுவாள். அவ்வளவு பேருக்கு நடுவில் புருஷன் சீட்டி அடித்துக் கூப்பிட்டால் வெட்கமாக இருக்காதா என்று நாங்கள் கேலி செய்வோம். “ஒங்க வீட்டுக்காரனுகளுக்கு அடிக்கத் தெரியலைன்னு வயித்தெரிச்சல்” என்பாள்.

ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்றார். உதட்டைக் குவித்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் குவித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மில்லில் சீட்டிச் சத்தம் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு டாக்டர் காசநோய் என்றார். மாத்திரை கொடுத்தார்கள். அக்கா பழத்தை எப்படிக் கொடுத்தாளோ அதே மாதிரி மாத்திரையையும் கொடுத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். மாதக்கணக்கில் தின்றும் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். கல்லைத் தள்ளுகிறவர், தண்ணீர்ச் செம்பைத் தூக்கவே மூச்சு வாங்கினார். கடைசியில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் போர்டு படிக்கவும், ஆஸ்பத்திரியில் எந்த வாசல் என்று பார்க்கவும் துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடி தூவின மாதிரி இருந்தது. “என்ன வேலை பார்க்கறார்?” என்று கேட்டாள். அது வரைக்கும் எந்த டாக்டரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. இருமலுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா சொன்னாள்.

“மூக்குல என்ன கட்டுவீங்க?”

“ஒண்ணும் கட்ட மாட்டோம் டாக்டரம்மா.” அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆனா ஒருநாள் தவறாமப் பழம் கொடுத்துருவேன். எல்லாருக்கும் ஒண்ணு, இவுகளுக்கு மட்டும் ரெண்டு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ஏதோ திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். “அம்மா, பழம் வயித்துக்குப் போகும். தூசி நுரையீரலுக்குப் போகுது. ரெண்டுக்கும் வேற வேற குழாய். பழத்தால அந்தத் தூசியத் தொடக்கூட முடியாது. இவருக்கு உள்ள போயிருக்கறது கல்லும்மா.”

“அப்போ அதை எடுக்க மருந்து குடுங்க.”

“எடுக்க மருந்து கிடையாது. மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கறேன். இனிமே அந்தத் தூசிக்குள்ள போகவே கூடாது. இன்னும் அங்க வேலை பார்க்கறவங்களுக்காவது உள்ள போகாமத் தடுக்கணும். இந்த நோய்க்கு அது ஒண்ணுதான் வைத்தியம்.”

எப்படித் தடுப்பது என்று அக்கா கேட்டாள். மிஷினை மூடி ஓட்ட வேண்டும், தூசியை இழுத்து வெளியே தள்ள பேன் வைக்க வேண்டும், தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், மூக்கை அடைக்கிற மாதிரி நல்ல மாஸ்க் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் விரல் விட்டுச் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இதெல்லாம் வருகிற வரைக்கும் துணியாவது கட்டட்டுமா என்று கேட்டாள். “கட்டுங்க. ஆனா ரொம்பப் பொடித் தூசி துணியில நிக்காது. துணி போதும்னு இருந்துடாதீங்க” என்றாள் டாக்டர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அக்கா அழவில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது பழக்காரர் ஒருவர் சீப்பைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, “பழம்மா, பழம்” என்றார். அக்கா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்த பிறகும் அதை எடுக்கவில்லை. உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. “வெடிக்குப் பயந்து நான்தானே இழுத்தாந்தேன். நான்தானே நின்னு தின்ன வச்சேன்.”  

மறுநாள் அவள் நேரே மேனேஜரிடம் போனாள். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசுவார். அதுதான் அவருடைய சாமர்த்தியம். நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

“பழத்துனால ஒரு பிரயோஜனமும் இல்லையாம் சார். மதுரை டாக்டரம்மா சொல்லிட்டாக. மிஷினை மூடணுமாம், பேன் வைக்கணுமாம், மாஸ்க் கொடுக்கணுமாம். அதைச் செய்யுங்க சார்.”

“இப்போ சீசன் நேரம்மா. மிஷினை நிறுத்தி மூடி போட்டா லோடு எப்படிப் போகும்? மொதலாளிகிட்டக் கேட்டுச் சொல்றேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?”

“பழத்துக்கு ஆகுற செலவுல…”

“பழம் வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டீங்கல்ல, அதை நிறுத்திடுவோம்” என்றார்.

நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சாயந்திரமே கேட்டுக் கம்பியில் தார் இல்லை. மூடியும் வரவில்லை, பேனும் வரவில்லை, மாஸ்க்கும் வரவில்லை. அக்கா கேட்டதில் கம்பெனி உடனே செய்தது அது ஒன்றுதான். 

மேனேஜர் மேல் வர வேண்டிய கோபம் முழுவதும் அவள் மேல் திரும்பியது. “அவ புருசனுக்கு முடியலைன்னா நம்ம பழத்தை எதுக்கு நிறுத்தணும்?” “கெடச்சதும் போச்சு, நல்லாச் செஞ்சா மகராசி!” என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். நேற்று வரைக்கும் பழத்தை முழுங்கியாச்சு என்று அவளிடம் வம்புக்கு வாயைத் திறந்து காட்டியவர்கள், இன்றைக்கு அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பழத்தக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

அவர் வேலையை விட்டதும் அரவைக்கூடத்தில் ஓர் இடம் காலியானது. அதற்கு வந்து நின்றது யார் என்றால், கொழுந்தன். பிரஸ்ஸில் ஆர்டர் குறைந்து அவனை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா கேட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, இது வேண்டாம்யா. ஒங்கண்ணனைப் பாக்கேல்ல?”

“சரி மதினி, வெடி ஆபீஸுக்குப் போகட்டா? அங்கன கூப்பிடுறாக.”

அக்கா கையை விட்டாள். சிறு வயதில் இருந்து அவன் காதில் அவள் ஓதியதுதானே அது. அவன் சிரித்தான். “ரெண்டுல எதுல போகணும்னு நீயே சொல்லு மதினி. அதுல போறேன்” என்றான். கேலியாகத்தான் சொன்னான். சிரிக்கும்போது அவன் அண்ணனை மாதிரியே இருப்பான்.  அவன் உள்ளே போனான்.

அன்றைக்கே வீட்டில் இருந்த வேட்டிகளையெல்லாம் எடுத்து என்னிடம் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் தையல் மிஷின் இருந்தது. “நாலு மடிப்பா அடிச்சு, காதுக்குப் பின்னால கட்டுற மாதிரி நாடா வச்சுக் குடு” என்றாள். அவருடைய வெள்ளை வேட்டி ஒவ்வொன்றாகக் கிழிந்தது. இனிமேல் அவருக்கு வேட்டி எதற்கு என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயந்திரம் கேட்டில் நின்றவள் இப்போது காலையில் நின்றாள். பழம் கொடுத்த அதே பிடிவாதம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தன் கையாலேயே கட்டிவிடுவாள். கட்டிக்கொள்ளாமல் உள்ளே போக முடியாது. ஆனால் பத்து மணிக்கெல்லாம் துணி எல்லார் கழுத்துக்கும் இறங்கிவிடும். வெயிலில் மூச்சு முட்டுகிறது என்றார்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்குத் துப்ப வழியில்லை. இதை எல்லாம்விடப் பெரிய கஷ்டம், பேச முடியவில்லை. சலிப்பறையில் மாவு சலித்ததைவிட ஊர்க்கதை சலித்ததுதான் அதிகம். அதையும் பிடுங்கினால் பிறகு வேலைக்கு எதற்கு வருவது?

அக்கா கெஞ்சினாள், திட்டினாள், ஒருத்தி காலில் விழுந்தே விட்டாள். வாட்ச்மேனுடன் சண்டை போட்டு, தொட்டித் தண்ணீரைக் குடத்தில் அள்ளி அள்ளி முற்றத்தில் தெளித்தாள். கொழுந்தனிடம் அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவனும் கட்டினான். சரியாகத்தான் கட்டினான், அவன் கட்டியதைப் பார்த்து அரவைக்கூடத்தில் மற்ற ஆண்களும் கட்டினார்கள். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் முன்னைவிட வெள்ளை குறைந்திருக்கிறது என்று சலிப்பறைப் பெண் ஒருத்தி முதலில் சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. துணி போதாது, இதைத் தாண்டியும் போகும், பேன் வைக்கச் சொல்லி எல்லாருமாப் போய்க் கேட்போம் என்று அக்கா விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். தனியாகப் போனால் பழம் மாதிரி ஆகிவிடும், கூட்டமாகப் போனால் மேனேஜரால் அப்படிச் செய்ய முடியாது என்றாள். ஒரு வழியாக எல்லோரும் சம்மதித்தார்கள். திங்கட்கிழமை வேலைக்குள் நுழைவதற்கு முன்னால் எல்லோரும் மேனேஜர் ரூமுக்கு முன்னால் போய் நிற்பது என்று பேச்சு.

அதற்கு முந்தின ஞாயிறு மதியம் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்க்கவும், மறுநாள் விஷயம் பேசவும் சலிப்பறைப் பெண்கள் எல்லோரும் அக்கா வீட்டுக்குப் போனோம். கொழுந்தனும் அவன் கூட வேலை பார்க்கிற ஆண்கள் சிலரும் வாசலில் இருந்தார்கள். அவரால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று சுவரில் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தாள். தோள் இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கியது. நாங்கள் உட்கார்ந்தோம்.  அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஏ புள்ள… ஒரு பழம் குடேன்.”

அக்கா அவர் முதுகுத் தலையணையைச் சரிசெய்தாள்.

“நீ பழத்தை நிறுத்துன பெறகுதான்…” மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்குக் கூடிப் போச்சு. ஒண்ணே ஒண்ணு. தொண்டையில கெடக்கறதை அது எறக்கிவிட்டுரும்.”

அவர் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவளை நம்பித்தானே அவர் பட்டாசு ஆபீஸை விட்டது, அவளை நம்பித்தானே தினமும் இரண்டு பழத்தை முழுங்கியது. அந்த நம்பிக்கை மட்டும்தான் அவரிடம் மிச்சம் இருந்தது. அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுந்தாள். எங்களைத் தாண்டி வெளியே போனாள். முக்குக் கடையில் ஒரு பழம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

உரித்து, டம்ளரில் போட்டு, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு விரலாலேயே பிசைந்தாள். விரல் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவர் நாக்கில் வைத்தாள்.

“எறங்குதா?” என்று அவர் கேட்டார்.

“எறங்குதுங்க. எல்லாம் எறங்குது. இன்னும் ஒரு வாய்.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை தாங்கவில்லை, வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வெளியே வந்த பெண்களில் ஒருத்தி இன்னொருத்தி காதில், “பாத்தியா, நமக்கு வேண்டாம்னா. அவ புருசனுக்கு மட்டும் குடுக்கா” என்றாள். கொழுந்தனும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் ரூமுக்கு முன்னால் யாரும் போய் நிற்கவில்லை. அக்கா வந்து நின்றாள், நான் நின்றேன். மற்றவர்கள் துணியும் கட்டாமல் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். கொழுந்தன் சொல்லிவிட்டான், “மதினியே குடுத்துச்சு. நான் எங்கண்ணால பாத்தேன். அண்ணன் மொகம் தெளிஞ்சுது” என்று. அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? மதுரை டாக்டரை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. பழத்தக்காவை எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த மேனேஜர் ஒரு முழுத் தாரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மில்லிலும் மறுபடியும் பழம் போட ஆரம்பித்துவிட்டதாக அங்கேயே எல்லோருக்கும் சொன்னார். ஆட்களின் நலன் முக்கியம் இல்லையா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா மில்லுக்கு வந்தபோது கேட்டுக் கம்பியில் தார் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் பழம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வேலை இல்லை. துக்கத்தில் இருக்கீங்க, வீட்டில் ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம், துணி மூட்டையோடு நின்றாள். காலையிலும் நின்றாள், சாயந்திரமும் நின்றாள். வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் மறித்துச் சொன்னாள்.

“அது அவுக மனசுக்குக் குடுத்ததுடி. நெஞ்சுக்குக் குடுக்கலை. சாகப்போற மனுசன் கேட்டா குடுக்காம என்ன செய்வேன்? நீங்க கட்டுங்க. நீங்க துணியக் கட்டுங்க.”

பாவம், புருஷன் போனதில் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். அவளுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. நான் துணியை அவிழ்க்கவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்த அந்தப் படத்தை நான் பார்த்திருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சீக்கிரமே என்னைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் அந்தத் தூசியை விட்டு வெளியே வந்தேன். யாரும் என்னைத் தடுத்துக் காப்பாற்றவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கணக்கு முடித்துக்கொண்டு வரக் கடைசியாக மில்லுக்குப் போனேன். சாயந்திரம். மணி அடித்தது. எல்லோரும் வரிசையாகப் பழம் வாங்கி உரித்துக்கொண்டு வந்தார்கள். இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை, தோலை ரோட்டிலேயே எறிந்தார்கள். அக்கா துணி மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். கொழுந்தன் வந்தான். தலை, புருவம் எல்லாம் வெள்ளை. மூக்கில் துணி இல்லை. கையில் பாதி தின்ற பழம். அவளைப் பார்த்ததும் சிரிக்க வாயைத் திறந்தான். இருமல் வந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான்.

அக்கா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். “தம்பி, இருமல் எப்ப இருந்துய்யா?”

அவன் பழத்தைத் தூக்கிக் காட்டினான்.

“இருமல் இல்ல மதினி. பழம் பொறை ஏறிருச்சு.”

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்ட வேண்டும் அல்லவா? அக்கா அவன் தலையில் தட்டினாள். வெள்ளையாகத் தூசி பறந்தது. அவன் இருமிக்கொண்டே இருந்தான், அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.